டிரேவர் இல்லாத வாரம்

பெர்னதெத்துக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. விவேக் நகர் கோவிலில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டுவிட்டால் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வெளியே போய், மெழுகுவர்த்தி விற்கிற பெண்களிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பி வருவாள். வீட்டில் சாப்பிடும்போதும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடப்பாள். அவள் கணவன் லாயிட், பள்ளிக்கூட ஆபீஸில் வேலை செய்கிறவர், ஒரு வாய் சோற்றை நிதானமாக மெல்லுகிறவர். கல்யாணமான புதிதில் அவளை உட்காரவைக்கப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

நர்சிங் முடித்து சில வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தவள், அங்கே இருப்புக்கொள்ளாமல்தான் ஆம்புலன்ஸுக்கு வந்தாள். ஓசூர் ரோட்டில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனி. டிரைவர்களும் கூடப்போகும் டெக்னீஷியன்களும் எல்லாரும் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி சும்மா நிற்கும் நேரத்தில் அவள் ஸ்ட்ரெச்சரை இன்னொரு தடவை துடைப்பாள். ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளைத் தட்டிப் பார்ப்பாள். டிரைவர் முனிராஜ் சீட்டைச் சாய்த்துக்கொண்டு, "சிஸ்டர், வண்டி தேய்ஞ்சிடும்" என்பான்.

அதனால்தான் சங்கத்தில் அந்த வேலை அவள் தலையில் விழுந்தது.

விஷயம் இதுதான். ஆம்புலன்ஸ்காரர்கள், தனியார் தீயணைப்பு ஆட்கள் எல்லாருமாகச் சேர்ந்து வைத்திருந்த சங்கம் அது. ஊரில் யாருக்கு என்ன ஆனாலும் முதலில் ஓடுகிறவர்கள். ஆனால் அவர்களுக்கு ஒன்று ஆனால் ஓடிவர ஆள் இல்லை. நாணு என்று ஒரு டிரைவர், கோவிட் காலத்தில் ஓயாமல் ஓடியவன், நுரையீரல் கெட்டுப் படுத்தபோது கம்பெனி எடுத்துக்கொடுத்திருந்த இன்சூரன்ஸ் கைவிரித்துவிட்டது. 'இது உமக்கு முன்னமே இருந்த வியாதி' என்று ஒரு வரி எழுதி அனுப்பினார்கள். அதன் பிறகு நாணு வண்டி ஏறவேயில்லை. அந்தக் கோபத்தில் கூடிய கூட்டத்தில்தான் யாரோ ஆசரே நிதியைப் பற்றிச் சொன்னார்கள்.

ஆசரே என்றால் கன்னடத்தில் பற்றுக்கோடு. லாபத்துக்கு நடத்தாத ஒரு டிரஸ்ட். அவசர வேலை செய்கிறவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, அவர்கள் மாதாமாதம் போடுவதையே பொதுவில் வைத்து ஆஸ்பத்திரி செலவைப் பார்க்கிறது. மொத்தச் சங்கமும் அதில் சேரலாமா, அல்லது ஒரு பெரிய இன்சூரன்ஸ் கம்பெனி தருவதாகச் சொல்லும் பாலிசிக்குப் போகலாமா? யாராவது நன்றாக விசாரித்து வந்து சொல்ல வேண்டும்.

"சிஸ்டரை அனுப்புங்க" என்றார் சங்கச் செயலாளர் ரவிக்குமார். "அவங்கதான் சும்மா இருக்க மாட்டாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பெர்னதெத் அப்போதே எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

*

முதலில் பெரிய கம்பெனியைப் பார்த்தாள். கண்ணாடிக் கட்டடம், ஏசி, சிரித்த முகம். அவர்களுடைய உதவி எண்ணுக்கு வேண்டுமென்றே வெவ்வேறு நேரங்களில் போன் போட்டாள். எப்போதும் எடுத்தார்கள். எடுத்தவர்கள் யாருக்கும் ஆம்புலன்ஸ் டெக்னீஷியன் என்றால் என்னவென்று தெரியவில்லை. நோயாளியிடமிருந்து காசநோய் தொற்றினால் உண்டா என்று கேட்டாள். "மேடம், உங்க கேள்வியைப் பதிவு பண்ணிக்கிட்டோம்" என்றது ஒரு குரல். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை.

ஆசரேயின் ஆபீஸ் ஜீவனஹள்ளியில், ஒரு டயர் கடைக்கு மாடியில் இருந்தது. ஒரே அறை. இரண்டு மேஜை. ஒன்றில் வீணா என்ற பெண், கம்ப்யூட்டரும் அவளும். இன்னொன்றில் டிரேவர். தீயணைப்புத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நரைத்த மீசை, இஸ்திரி கலையாத சட்டை. அவர் முன்னால் ஒரு பழைய போன். அது அடிக்காத நிமிஷம் குறைவு.

"உட்காருங்க சிஸ்டர்."

"பரவாயில்ல சார், நின்னே பேசுறேன்."

நிதி ஆரம்பித்த கதையை டிரேவர் சொன்னார். ஒரு கெமிக்கல் கிடங்கு எரிந்தபோது அவரோடு உள்ளே போன இரண்டு பேர் புகையில் மாட்டி மாதக்கணக்கில் படுத்துவிட்டார்கள். அவர்களுடைய வீட்டுக்காரிகள் ஒவ்வொரு ஆஸ்பத்திரி கவுண்டராக ஏறி இறங்கியதை அவர் கண்ணால் பார்த்தார். "கவுண்டர்ல நிக்கிற பொம்பளைக்கு நெருப்புல நிக்கிறவனைவிட ஜாஸ்தி சூடு" என்றார். சொல்லும்போதே போன் அடித்தது. எடுத்தார். யாருக்கோ டயாலிசிஸ். கன்னடத்தில் இரண்டு வார்த்தை, இங்கிலீஷில் ஒரு அதட்டல், முடிந்தது. வைத்தார். "ஆயித்து", ஆகிவிட்டது, என்று கன்னடத்தில் வீணாவிடம் சொன்னார். அவள் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள்.

பெர்னதெத்துக்கு மனம் நிறைந்துவிட்டது. இறங்கி வரும்போது, இதிலேயே சேர்ந்துவிடலாம், இதற்கு மேல் என்ன விசாரணை என்று தோன்றியது. நாணு நினைவுக்கு வந்தான். இவர் அப்போது இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஆனாலும் ஏற்றுக்கொண்ட வேலை. ஆசரேயில் ஏற்கெனவே இருக்கிறவர்களைத் தேடிப் போனாள். ஃப்ரேஸர் டவுனில் ஒரு தீயணைப்புக்காரர், எலும்பு முறிந்தவர். கே.ஆர். புரத்தில் ஒரு டிரைவரின் மனைவி, கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனவள். சிவாஜி நகரில் ஓர் இளைஞன், மஞ்சள் காமாலை. எல்லாரும் வாழ்த்தினார்கள். யாருக்கும் மறுத்தது இல்லை. ஒவ்வொருவரும் கடைசியில் அதே வாக்கியத்தைச் சொன்னார்கள்.

"டிரேவர் சாருக்கு ஒரு போன் போட்டேன் சிஸ்டர், முடிஞ்சிடுச்சு."

முதல் ஆள் சொன்னபோது சந்தோஷமாக இருந்தது. அடுத்தவர் சொன்னபோதும்தான். அப்புறம் வந்தவர்களும் சொல்லச் சொல்ல, அந்த வாக்கியம் செருப்புக்குள் போன மணல்மாதிரி உறுத்த ஆரம்பித்தது. ஏன் உறுத்துகிறது என்று அவளுக்கே உடனே பிடிபடவில்லை.

அன்று சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போனவள் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். லாயிட் தேடிக்கொண்டு மேலே வந்தார்.

"என்ன பேஜாரு உனக்கு? நல்ல ஆளுன்னு நீயே சொன்ன."

"ஆளு நல்லவருதான். அதான் பயமா இருக்கு."

"நல்லவரா இருந்தா பயமா?"

"எல்லாம் அவர் ஒருத்தர் கழுத்துல தொங்குது லாயிட். நாளைக்கு அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா? அவருக்கும் வயசாகுது. நிதின்னு சொல்றோம். நிதி எங்க இருக்கு? அவர் சட்டைப் பையில இருக்கிற போன்லதான் இருக்கு."

லாயிட் துணியை அவள் கையிலிருந்து வாங்கினார். "இதை அவர்கிட்டயே கேளு" என்றார்.

முனிராஜிடமும் சொன்னாள். சில்க் போர்டு பாலத்துக்கு அடியில் வண்டி காத்திருந்தது. சங்கம் முடிவெடுக்கும்வரை பொறுக்காமல், தன் மனைவி சரசுவையும் சேர்த்து ஆசரேயில் தனியாகப் பேர் கொடுத்துவிட்டவன் அவன். பொம்மனஹள்ளியில் அவன் வீட்டுச் சுவரில் அங்கே கொடுத்த மெம்பர் அட்டையை மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பதாகச் சொல்லியிருந்தான். அவன் கிறிஸ்தவன் இல்லை. மாதா படம் பெர்னதெத் கொடுத்தது.

"சிஸ்டர், இந்த ஊர்ல போன் எடுக்கிற மனுஷன் ஒருத்தர் கிடைச்சிருக்காரு. அவரையும் சந்தேகப்படணுமா?"

"அவரை இல்ல முனி. அவர் இல்லாத நேரத்தை."

"அவர் எங்க போவாரு?" என்று முனிராஜ் சிரித்தான்.

*

அடுத்த முறை ஜீவனஹள்ளி மாடி ஏறியபோது அவள் சுற்றி வளைக்கவில்லை.

"சார், நீங்க ஒரு வாரம் லீவு எடுக்கணும். போனை வீணா கிட்ட கொடுத்துட்டுப் போகணும். எப்படி நடக்குதுன்னு நான் பக்கத்துல இருந்து பார்க்கணும். பார்த்துட்டுத்தான் சங்கத்துல சொல்வேன்."

டிரேவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மீசை துடித்தது.

"நான் செத்துட்டா என்னாகும்னு பார்க்கிறீங்களா சிஸ்டர்?"

"ஆமா சார்" என்றாள்.

கீழே டயருக்குக் காற்றடிக்கும் மிஷின் இரைந்தது. அவர் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றார். அவமானப்பட்டவர் மாதிரி இருந்தது முதுகு. பெர்னதெத் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடலாமா என்று நினைத்த நேரத்தில் வீணா வாய் திறந்தாள். அதுவரை அவள் ஒரு வார்த்தை பேசிப் பெர்னதெத் கேட்டதில்லை.

"சார், போன வருஷம் உங்களுக்கு டெங்கு வந்தப்ப நான் இங்க அழுதுட்டிருந்தேன். உங்களுக்குத் தெரியாது. ஒரு ஆஸ்பத்திரியும் நான் சொன்னதைக் கேட்கல. நீங்க காய்ச்சலோட படுத்துக்கிட்டே பேசினீங்க. நினைவிருக்கா?"

டிரேவர் திரும்பிப் பார்த்தார். "கே.ஜி.எஃப்-ல என் தங்கச்சி இருக்கா. வா வான்னு கூப்பிட்டுட்டே இருக்கா" என்றார்.

ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் கடிதம் போனது: இந்த வாரம் என் சார்பில் வீணா அனுமதி கொடுப்பார். போனை வீணாவின் மேஜையில் வைத்தபோது அவர் கை அதை உடனே விடவில்லை. தங்கை வீட்டு எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பெர்னதெத்திடம் தனியாகக் கொடுத்தார்.

"உயிர் போற விஷயம்னா மட்டும்" என்றார்.

*

வாரம் நன்றாகத்தான் தொடங்கியது. வீணா முதல் நாள் குரல் நடுங்கப் பேசினாள். பிறகு நடுக்கம் போய்விட்டது. ஒரு கை முறிவு, ஒரு பிரசவம், ஒரு குடல்வால். சில கவுண்டர்களில் 'டிரேவர் சார் எங்கே' என்று கேட்டார்கள். கடிதத்தைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்கள். ட்யூட்டி முடிந்ததும் பெர்னதெத் தினமும் ஜீவனஹள்ளிக்கு ஓடி என்ன நடந்தது என்று கேட்டாள். தன் சந்தேகம் வெறும் பயம்தானோ என்றுகூட நினைத்தாள். நினைக்கச் சந்தோஷமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பொம்மனஹள்ளியில் ஒரு கம்பெனி வாசலில் மயங்கி விழுந்தவரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெர்னதெத் உள்ளே நின்று ஸ்ட்ரெச்சரை இழுக்க, முனிராஜ் பின்னாலிருந்து தள்ளினான். பின்னால் வேகமாக வந்த ஒரு சரக்கு ஆட்டோ, முன்னால் வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கப்போய், ஆம்புலன்ஸின் பின்பக்கத்தில் வந்து மோதியது. முனிராஜின் வலது கால் அதற்கும் வண்டிப் படிக்கும் நடுவே.

அவன் கத்தவேயில்லை. "சிஸ்டர், பேஷன்ட்டை முதல்ல உள்ள இழுங்க" என்றான். அதன் பிறகுதான் சரிந்தான்.

இன்னொரு வண்டி வந்து மயங்கியவரை எடுத்துக்கொண்டது. முனிராஜை அவனுடைய வண்டியிலேயே படுக்கவைத்து, பக்கத்தில் ஆசரே பட்டியலில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் பெர்னதெத் அவன் பாதத்தின் மேல் விரலை வைத்து நாடியைத் தேடிக்கொண்டே இருந்தாள். சில சமயம் இருப்பதுபோல் இருந்தது. சில சமயம் அது தன் விரலின் துடிப்புதானோ என்று தோன்றியது.

எமர்ஜென்சியில் டாக்டர்கள் உடனே பார்த்தார்கள். குறை சொல்ல முடியாது. மருந்து ஏற்றினார்கள், காலை நேராக்கிக் கட்டினார்கள், படம் எடுத்தார்கள். எலும்போடு ரத்தக்குழாயும் அடிபட்டிருக்கிறது, சீக்கிரம் தியேட்டருக்கு எடுத்துப்போனால்தான் பாதம் நிற்கும் என்றார் சர்ஜன். "பில்லிங்ல கிளியர் பண்ணிட்டு வாங்க சிஸ்டர்."

இன்சூரன்ஸ் கவுண்டரில் வெங்கி என்ற பையன் இருந்தான். மரியாதையான பையன்தான். கம்ப்யூட்டரைப் பார்த்தான், மறுபடி பார்த்தான்.

"மேடம், ஆசரேக்கு எங்க சிஸ்டத்துல ஒரே பேர்தான் இருக்கு. டிரேவர் சார். அவர் அப்ரூவல் இல்லாம தியேட்டர் புக்கிங் போகாது."

"லெட்டர் வந்திருக்கும் பாருங்க. இந்த வாரம் வீணா."

"லெட்டர் வந்திருக்கு மேடம். லீகல் டிபார்ட்மென்ட்டுக்குப் போயிருக்கு. அவங்க சரின்னு சொல்லல இன்னும். நாவேனு மாடக்காகல்ல." நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்தான்.

வீணாவுக்குப் போன் போட்டாள். வீணா தயங்கவில்லை. மெயில் அனுப்பினாள், மேனேஜரைக் கேட்டாள், மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். "சிஸ்டர், அஞ்சு நிமிஷம் கொடுங்க, நான் முடிச்சிடறேன்" என்றாள். பெர்னதெத் தானே ஜாமீன் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிப் பார்த்தாள். அதற்கும் முன்பணம் கட்ட வேண்டும், கையெழுத்து மட்டும் போதாது என்றான் வெங்கி.

தங்கை வீட்டு எண் அவள் யூனிஃபார்ம் பையில்தான் இருந்தது. கையை விட்டால் விரலில் தட்டியது.

உயிர் போற விஷயம் என்றார். கால் உயிரா? வீணா முடித்துவிடுவாளே. இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே. இப்போது அவரைக் கூப்பிட்டால் பழைய கதைதான். டிரேவர் சாருக்கு ஒரு போன், முடிந்தது. சங்கத்தில் இத்தனை குடும்பங்கள். நாளை அவர் நிஜமாகவே இல்லாத நாளில், இதே கவுண்டரில் வேறு யாரோ நிற்பார்கள், அவர்களிடம் எந்தச் சீட்டும் இருக்காது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே இந்த வாரம்.

இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு கவுண்டருக்கும் எமர்ஜென்சி வாசலுக்கும் நடந்தாள். திரும்பி நடந்தாள். வீணா மறுபடி கூப்பிட்டாள்: "இன்னும் ரெண்டு நிமிஷம் சிஸ்டர்." பெர்னதெத் உள்ளே போய் முனிராஜின் பாதத்தைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. நாடியைத் தேடினாள். இந்தத் தடவை தன் விரலின் துடிப்பு எது என்பதில் சந்தேகமே வரவில்லை. வேறெதுவும் அங்கே துடிக்கவில்லை.

முனிராஜ் கண்ணைத் திறந்தான். "ஆயித்தா சிஸ்டர்?" என்றான்.

"ஆயித்து" என்று பொய் சொல்லிவிட்டு, வெளியே வருவதற்குள்ளேயே எண்ணை அழுத்திவிட்டாள்.

டிரேவரிடம் அவள் ஒரு வாக்கியம்தான் சொன்னாள். அவர் மறுகேள்வி கேட்கவில்லை. அவர் யாரைக் கூப்பிட்டார், என்ன சொன்னார் என்று தெரியாது. மீட்டிங்கில் இருந்த மேனேஜர் லிஃப்ட்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கி வந்தார். வெங்கியின் கம்ப்யூட்டரில் ஏதோ பச்சையாக மாறியது. முனிராஜைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

தியேட்டர் கதவு மூடியபோது பெர்னதெத் அழவில்லை. அந்த நீண்ட தாழ்வாரத்தில், ஆபரேஷன் முடியும்வரை, நடந்துகொண்டே இருந்தாள். சரசு வந்து சேர்ந்தபோது அவளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கால் பிழைத்தது. ஆனால் பாதத்தைத் தூக்கி வைக்க முடியவில்லை, இழுத்துக்கொண்டு போனது. நரம்பு அடிபட்ட நேரத்திலேயே போயிருக்கும், தாமதத்தால் இல்லை என்றார் சர்ஜன். பெர்னதெத் அதை நம்பினாள். சில நாள் நம்பவில்லை.

*

சங்கக் கூட்டம் கோவில் பின்னாலிருந்த ஹாலில் நடந்தது. உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். டிரேவர் முன்வரிசையில் இருந்தார். அவர் உள்ளே வந்தபோது எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். முனிராஜின் விஷயம் அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. கே.ஜி.எஃப்-லிருந்து ஒரே போனில் காலைக் காப்பாற்றினார் என்று. சரசுவும் வந்திருந்தாள், புருஷனுக்குப் பதிலாக.

பெர்னதெத் எழுந்து பேசினாள். கண்ணாடிக் கட்டடக் கம்பெனியைப் பற்றி முதலில் சொன்னாள்.

"அங்க எப்ப போன் போட்டாலும் எடுக்கிறாங்க. எடுக்கிறவங்களுக்கு நாம யாருன்னு தெரியாது. நாணுவுக்கு நடந்தது நமக்கும் நடக்கும். அது வேண்டாம்னுதான் நான் சொல்வேன். ஆசரே அப்படி இல்ல. நம்ம வேலை என்னன்னு அங்க தெரியும். யாரையும் விரட்டினது இல்ல. ஆனா..."



வெள்ளிக்கிழமை நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கவுண்டர், கடிதம், வீணா, சட்டைப் பையிலிருந்த சீட்டு. "டிரேவர் சார் இல்லாம ஆசரே எப்படி நடக்கும்னு பார்க்கத்தான் அந்த வாரம். என்னால அதை முழுசாப் பார்க்க முடியல. நடுவுல நானே அவரைக் கூப்பிட்டுட்டேன். கூப்பிடாம இருந்திருந்தா என்னாகியிருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் ரெண்டு மூணு பேருக்காவது அதிகாரம் எழுதி வாங்கினாத்தான் நாம சேரணும். அந்த ஆளுங்களை மெம்பர்கள் சேர்ந்து தேர்ந்தெடுக்கணும். அதுவரைக்கும் சேர வேண்டாம்."

சரசு எழுந்தாள்.

"அக்கா, அந்த நம்பர் உங்க கையில முதல்லயே இருந்துச்சா?"

"இருந்துச்சு சரசு."

"அப்ப ஏன் உடனே போடல?"

"வீணா முடிச்சிடுவாங்கன்னு பார்த்தேன்."

"பார்த்தீங்க" என்றாள் சரசு. குரல் உயரவில்லை. "எங்க வீட்டுக்காரர் காலை வச்சுப் பார்த்தீங்க."

பெர்னதெத் தலையசைத்தாள். "ஆமா" என்றாள்.

யாரோ பின்னாலிருந்து ச்சே என்றார்கள். டிரேவர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "நான் போன் பண்ணேன், கதவு திறந்துச்சு. அதுல என்ன குறைன்னு எனக்குப் புரியல. மத்தவங்க யாரும் இவ்வளவு வருஷம் இந்தப் போனைத் தூக்கிட்டு அலையலயே" என்று சொல்லிவிட்டு, நின்றவர்களை விலக்கிக்கொண்டு வெளியே போனார். முடிவெடுக்காமலே கூட்டம் கலைந்தது.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் மோசமானவை. வண்டியில் புது டிரைவர். பேசவே மாட்டான், கேள்விப்பட்டிருப்பான். உதவி செய்த மனுஷனைச் சபையில் வைத்து அவமானப்படுத்தினவள் என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்கள். பொம்மனஹள்ளிக்கு இரண்டு தடவை போனாள். முனிராஜ் பேசினான், டீ கொடுக்கச் சொன்னான், 'நீங்க இல்லன்னா காலே இல்ல சிஸ்டர்' என்றான். சரசு டீயைக் கொண்டுவந்து கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மூன்றாவது தடவை பெர்னதெத் தெருமுனைவரை போய்த் திரும்பிவிட்டாள்.

"சொல்லாமலே விட்டிருக்கலாமோ?" என்று லாயிட்டைக் கேட்டாள்.

"விட்டிருந்தா நீ வீட்டையே இடிச்சிருப்ப" என்றார் அவர்.

விஷயத்தை நகர்த்தியவள் வீணாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விவேக் நகருக்கு வீடு தேடி வந்து சொன்னாள். கூட்டத்துக்கு மறுநாளே டிரேவரிடம் போய், இன்னொரு பேர் சேராவிட்டால் நான் வேலையை விடுகிறேன் என்றிருக்கிறாள். அவர் திட்டியிருக்கிறார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, "வா, ஏறு" என்றாராம். பட்டியலில் இருந்த ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் அவரே அவளைக் கூட்டிக்கொண்டு போய், இந்தப் பெண் சொன்னால் நான் சொன்ன மாதிரி என்று எழுதி வாங்கினாராம். சில இடங்களில் வாக்குவாதம். இரண்டு ஆஸ்பத்திரிகள் ஒப்பவில்லை. அவற்றைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்.

"இவளைப் பத்தி என்ன சொன்னார்?" என்று லாயிட் கேட்டார்.

வீணா கொஞ்சம் சங்கடப்பட்டாள். "ஒண்ணும் சொல்லல. மூணாவது பேர் யாருன்னு சங்கம் சொல்லட்டும், ஆனா சும்மா உட்கார்ற ஆளா அனுப்ப வேண்டாம்னு மட்டும் சொன்னார்."

மழைக்காலத்துக்கு முன்னால் சங்கம் ஆசரேயில் சேர்ந்தது. கை தூக்கியவர்களில் சரசுவும் இருந்தாள். மூன்றாவது பேராக பெர்னதெத்தை எழுதினார்கள். எல்லாரும் விருப்பத்தோடு என்று சொல்ல முடியாது. வேறு யாரும் முன்வரவில்லை என்பதும் ஒரு காரணம். டிரேவரும் அவளும் இன்றுவரை தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் மூவரும் வாரத்துக்கு ஒருவராகப் போனைப் பார்த்துக்கொள்வதில், அவளுடைய முறை வரும்போது போனில் சார்ஜ் நிரம்பியிருக்கும், துடைத்து வைத்திருப்பார்.

அந்தப் போன் கையிலிருந்த முதல் வாரம் அவள் படாத பாடுபட்டாள். அடித்தால் பதற்றம், அடிக்காவிட்டால் அதைவிடப் பதற்றம். குளிக்கப் போகும்போது லாயிட்டைக் கதவுக்கு வெளியே போனோடு நிறுத்திவைத்தாள். வார முடிவில் வீணாவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது கை லேசாக இருந்தது, நெஞ்சு லேசாகவில்லை.

அக்டோபரில் ஒரு காலை, மறுபடி அவள் முறை. ட்யூட்டிக்குக் கிளம்பி பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள். போன் அடித்தது.

"மேடம், நான் பொம்மனஹள்ளியிலிருந்து பேசுறேன். முனிராஜோட வீட்டுக்காரி." தெரியாத ஆளிடம் பேசுகிற மாதிரி பேசினாள் சரசு. "கால்ல வச்ச பிளேட்ல சீழ் கட்டியிருக்காம். இன்னைக்கே எடுக்கணும்னு சொல்றாங்க. கவுண்டர்ல நிக்கிறேன்."

"எந்த ஆஸ்பத்திரி?"

சரசு பேர் சொன்னாள். அதே ஆஸ்பத்திரிதான். பெர்னதெத் கண்ணை மூடித் திறந்தாள். வந்த பஸ்ஸை விட்டாள். ஆஸ்பத்திரி கவுண்டருக்குப் போன் போட்டாள். எடுத்தது வெங்கி இல்லை, வேறொரு பெண். பேரைச் சொன்னாள், எண்ணைச் சொன்னாள். அந்தப் பெண் ஏதோ தேடினாள். பெர்னதெத் ஸ்டாப்பின் இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம்வரை நடந்தாள்.

"உங்க பேர் இருக்கு மேடம். அப்ரூவ் பண்ணிடட்டுமா?"

"பண்ணுங்க."

பிறகு சரசுவைக் கூப்பிட்டாள். "முடிஞ்சிடுச்சு சரசு. தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போவாங்க. முனி பயப்படுறானா?"

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி இரைச்சல் கேட்டது. யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாளோ என்று நினைத்தாள் பெர்னதெத்.

"அவர் பயப்படல" என்றாள் சரசு. கொஞ்சம் விட்டு, "எனக்குத்தான் கால் நடுங்குது" என்றாள். போனை வைத்தாள்.

பெர்னதெத் கம்பெனிக்குப் போன் போட்டு இன்று அரை நாள் லீவு என்று சொன்னாள். ஓர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி, ஆஸ்பத்திரிப் பேரைச் சொல்லி, பேரம் பேசாமல் ஏறினாள்.